சிர்கோனியத்தின் தொப்பை

1997 மார்ச் 3, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகத் தரையைத் துடைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடி வியர்த்திருந்தது. நோம், அந்த ஈரக் காலம், வந்துவிட்டது. இனி ஏப்ரல் வரை ஹனோயில் சுவர் வியர்க்கும், தரை வியர்க்கும், அலமாரித் துணியில் நனைந்த நாய் வாசம் வரும். லுக் கட்டிலில் இருந்து காலைக் கீழே வைக்காமலே, "மூணாவது தடவை துடைக்கிற. தரைக்குக் கூச்சம் வந்துரும், விட்டுரு" என்றார். என் கணவர், தண்ணீர் வாரியத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் மனிதர். வீட்டுக்குள் வரும் தண்ணீர் மட்டும் அவர் துறையில் சேராது.

ஆய்வு நிலையத்தில் எங்கள் அறைக்கும் அதே கதிதான். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அறுபது வாட் பல்பை எரியவிட்டிருந்தார்கள், காய்ச்சல்காரருக்குக் கணப்பு வைத்த மாதிரி. அது இல்லாவிட்டால் ஈரத்தில் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டு கணக்கு பாதியில் நின்றுவிடும். நோம் காலத்தில் எங்கள் குழுவின் மூத்தவர் கியெம் அண்ணன் காலையில் வந்ததும் முதலில் பல்பைத்தான் நலம் விசாரிப்பார். எங்களுக்கு வணக்கம் அதன் பிறகு.

பதினொரு மணிக்குக் குழுத் தலைவர் பாங் அண்ணன் கையில் ஒரு தாளோடு வந்தார். ஜப்பானில் இருந்து பேராசிரியர் குசுமோட்டோ எழுதியிருக்கிறார். எங்கள் கட்டுரை சொல்வது சரியா என்று பார்க்க, அவர்களுடைய துகள் முடுக்கியில் ஜூன் மாதம் முழுசாக மூன்று நாள் ஒதுக்கிவிட்டார்களாம். கூடவே ஒரு அழைப்பு. செப்டம்பரில் இருந்து ஒரு வருடம் நான் அங்கே போய் வேலை செய்யலாம், குடும்பத்தோடு.

பாங் அண்ணன் கடிதத்தை மூன்று முறை வாசித்துக் காட்டினார். மூன்றாவது முறை 'குடும்பத்தோடு' வந்ததும் நிறுத்தி, "லுக்கையும் கூட்டிட்டுப் போகணுமா என்ன?" என்று கேட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். மீன் துண்டை முடிப்பதற்குள் மகள் மியென் ஜப்பானிய மொழியில் பத்து வரை எண்ண ஆரம்பித்துவிட்டாள். பதினாலு வயதுக்கு எங்கிருந்துதான் எல்லாம் தெரிகிறதோ.  லுக் இரண்டாவது கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டார். அவர் சந்தோஷமாக இருந்தால் அப்படித்தான்.

மார்ச் 4

தரை வியர்க்கிறது. நானும்.

மார்ச் 5, புதன்

மியென் கேட்டாள், நான் அப்படி என்னதான் கண்டுபிடித்தேன் என்று. ஜப்பான் என்றதும்தான் இந்த அக்கறை.

இருட்டுக் குளத்தில் ஒரு கல் இருக்கிறது என்று வைத்துக்கொள் என்றேன். பார்க்க முடியாது, தொட முடியாது. ஆனால் அதன்மேல் அலை அனுப்பலாம். கல்லைச் சுற்றிப் போன அலை அந்தப் பக்கம் வரிவரியாக விழும். வரிகள் நெருக்கமாக இருந்தால் கல் பெரிது, அகலமாக விழுந்தால் சிறிது. எங்கள் கல், சிர்கோனியம் என்ற உலோகத்தின் அணுக்கரு. நாங்கள் அனுப்புவது ஆல்பா துகள். துகள்தான், ஆனால் இந்த அளவில் அது அலை மாதிரிதான் நடந்துகொள்கிறது. எந்தக் கோணத்தில் எத்தனை துகள் சிதறிப் போனது என்று எண்ணினால் அந்த வரிகள் கிடைக்கும்.

"அப்போ நீ கல்லையே பார்த்ததில்ல."

"யாரும் பார்த்ததில்ல."

"அலையாவது நீ அனுப்பினியா?"

அதுவும் இல்லை. வேறொரு நாட்டில் வேறு யாரோ பல வருடம் முன்பு அனுப்பினார்கள். மியென் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அம்மாவுக்கு உத்தியோகம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது போல.

அவளிடம் சொல்லாமல் விட்டது: அந்த எண்கள் எங்களிடம் இல்லை. 1991இல் எங்களுக்குக் கிடைத்தது அந்தச் சோதனை வெளியான இதழின் ஒரு பக்கம் மட்டும். மாஸ்கோவில் இருந்து யாரோ கொண்டுவந்த ஜெராக்ஸ். அதன் ஜெராக்ஸ். ஒரு பக்கத்தில் இரண்டு படங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. எங்களுக்கு வேண்டியது கீழ்ப்படம். கியெம் அண்ணன் தன் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு புள்ளியாக அளந்து, அறுபத்துநாலு புள்ளிகளைக் கணக்கு நோட்டில் எழுதினார். பதினோரு நாள் எடுத்தது. நாங்கள் எல்லாம் அப்படித்தான் வேலை செய்தோம். அடுத்தவன் வரைந்த படத்தில் இருந்து எண்ணைத் திரும்பப் பிடுங்குவது. அந்தப் புள்ளிகள் மேல் நான் குவாண்டம் கணக்கைப் பொருத்தினேன். புத்தகங்கள் சொல்வதைவிட சிர்கோனியம் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் பருமன் என்று வந்தது. அணுக்கருவின் ஓரம் நாங்கள் நினைத்ததைவிட உப்பலாக இருக்கிறது என்று கட்டுரை எழுதினோம். அன்று முதல் நிலையத்தில் அதற்குப் பெயர் 'துவாவின் தொப்பை'. துவா நான். தொப்பை சிர்கோனியத்தின் தொப்பை. ஆனால் நடைபாதையில் யாரும் அவ்வளவு விளக்கமாகச் சொல்வதில்லை.

கடைசி ஒன்பது புள்ளிகள் மட்டும் என் வளைவில் உட்காரவே இல்லை. அகலக் கோணத்துப் புள்ளிகள். ஜெராக்ஸில் அந்த இடம் மங்கல். அண்ணனுக்குக் கை நடுங்கியிருக்கும் என்று முடிவு செய்து அவற்றை விட்டுவிட்டோம். அவருடைய ஸ்கேலைக் கேலியாகச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். 'நடுங்கும் கருவி, தொடாதீர்' என்று கீழே சீட்டு. சீட்டு எழுதியது நான்.

மார்ச் 8, சனி

பெண்கள் தினம். வருடத்தில் இந்த ஒரு நாள் ஆண்கள் கோப்பை கழுவுவார்கள். எனக்கு ஒரு ரோஜா, பாங் அண்ணனின் உரை இருபது நிமிடம். உரைக்குப் பதிலாக இன்னொரு ரோஜா கொடுத்திருக்கலாம். கியெம் அண்ணன் ஆறு கோப்பை கழுவி ஒன்றை உடைத்தார். "கை நடுங்கிருச்சு" என்று அவரே சொன்னார், நாங்கள் சொல்வதற்கு முன்னால்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், ஒரு மூச்சு தாமதமாக. எப்போதுமே அப்படித்தானா? இன்றுதான் என் கண்ணில் படுகிறதா?

மார்ச் 12, புதன்

குசுமோட்டோவிடம் இருந்து ஒரு உறை. ஜூனில் கருவிகளை எந்தெந்தக் கோணத்தில் வைப்பது என்று முடிவு செய்ய எங்கள் புள்ளிப் பட்டியல் வேண்டுமாம். இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசினால் சுலபம் என்று பழைய இதழில் இருந்து அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். நல்ல தடித்த தாள். முழுப் பக்கம்.

முழுப் பக்கம் என்பதுதான் விஷயம். எங்கள் ஜெராக்ஸில் அடிப்பகுதி ஒரு விரலகலம் வெட்டுப்பட்டிருந்தது. அவர்களுடைய தாள் அளவு வேறு, நம்முடையது வேறு. வெட்டுப்பட்ட இடத்தில் கீழ்ப்படத்தின் அச்சின் பெயர் இருந்திருக்கிறது. இன்றுதான் அதைப் பார்க்கிறேன்.

மேல்படம்: நிறை மையக் கோணம். கீழ்ப்படம்: ஆய்வகக் கோணம்.

ஒரே பக்கம். இரண்டு படம். இரண்டு விதக் கோணம். எவன் இப்படி வரைவான்?

ஆல்பா மோதும்போது சிர்கோனியம் சும்மா நிற்பதில்லை, கொஞ்சம் பின்னால் நகரும். ஆகவே அறையில் நின்று அளக்கும் கோணம் ஒன்று, மோதும் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தால் வரும் கோணம் இன்னொன்று. கரையில் நின்று பார்ப்பதும் படகில் இருந்து பார்ப்பதும் போல. கணக்குக்கு வேண்டியது படகுக் கோணம். நான் கொடுத்தது கரைக் கோணம். கரைக் கோணம் எப்போதும் சற்றுச் சிறியது. சிறியது என்றால் வரிகள் நெருங்கித் தெரியும். வரிகள் நெருங்கித் தெரிந்தால்—

மியெனுக்கு நானே சொன்னேனே.

கல் பெரிதாகத் தெரியும்.

குசுமோட்டோ கடைசியில் பணிவாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: கீழ்ப்படத்தின் கோணங்களை நீங்கள் மாற்றிக்கொண்டிருப்பீர்கள், அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மார்ச் 13

ஆல்பாவின் எடை 4. சிர்கோனியத்தின் எடை 90. நாலு வகுத்தல் தொண்ணூறு: நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். பள்ளிக்கூடக் கணக்கு. என் தொப்பை அப்படியே, ஒரு சுற்றுக் குறையாமல்.

மார்ச் 14, வெள்ளி

படத்தை அளந்தது கியெம் அண்ணன். அச்சைப் பார்க்காமல் எப்படி அளந்தார்? பதினோரு நாள் அந்தத் தாளின் மேலேயே கவிழ்ந்து கிடந்தாரே. அடியில் பெயர் இல்லை என்று தோன்றவில்லையா? காலை முழுவதும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கோபப்பட்டேன். அவர் பல்புக்கு அட்டையால் குடை செய்துகொண்டிருந்தார்.

மதியம் நடைபாதையில் அவர் மூங்கில் குழலில் புகை பிடிக்கும்போது போய் நின்று, பழைய அளவு நோட்டு எங்கே என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். "இரும்பு அலமாரி. பூட்டு துருப்பிடிச்சிருச்சு. எதுக்கு, தொப்பையை மறுபடி அளக்கணுமா?" என்றார்.

ஜப்பானுக்குப் பட்டியல் அனுப்ப என்றேன். பொய் இல்லை.

மார்ச் 17, திங்கள்

பாங் அண்ணனிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நோமில் மரம் உப்பியிருந்ததால் கதவு மூடவில்லை. தோளைக் கொடுத்து இரண்டு முறை தள்ளினார். பாதிதான் மூடியது. மீதிக் கதையை மெல்லப் பேசினோம்.

முதலில் நாலு வகுத்தல் தொண்ணூறைத் தாளில் போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. பிறகு தாளைக் கிழித்தார்.

பிறகு அவர் சொன்னதை நியாயமாகவே எழுதி வைக்கிறேன். கோட்பாடு தப்பாகப் போவது தினமும் நடப்பதுதான், அதற்காக யாரும் தலை குனிவதில்லை. ஜூனில் அவர்கள் அளப்பார்கள், கணக்குப் போட்டு முடிக்க வருடக் கடைசி ஆகும், தொப்பை இல்லை என்று வரும், நாம் புருவத்தை உயர்த்திக்கொண்டு, அப்படியா, ஆச்சரியமாக இருக்கிறதே என்போம். "தப்பாக் கணிச்சாங்கன்னு சொல்லுவாங்க. அச்சு பார்க்கத் தெரியாதவங்கன்னு சொல்ல மாட்டாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, துவா." அதற்குள் நான் ஜப்பான் போய்ச் சேர்ந்திருப்பேன். என் பின்னாலேயே அடுத்தடுத்து இங்கிருந்து ஆட்கள் போகலாம். இந்த அறைக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வரலாம்.

யாராவது தோண்டினால்?

"தோண்டினா, புள்ளி படிச்சதுல பிசகுன்னு சொல்லிக்கலாம். கியெமுக்கு டிசம்பர்ல ஓய்வு. அவர் கை நடுங்கும்னு ஊருக்கே தெரியும்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். சைக்கிளை மிதித்து வீடு வரும் வழியெல்லாம் 'பார்க்கலாம்' சக்கரத்தோடு சேர்ந்து சுற்றியது.

மார்ச் 19, புதன்

பூட்டில் மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். திறந்தது. நோட்டின் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

கியெம் அண்ணனின் எழுத்து எறும்பு வரிசை மாதிரி. அறுபத்துநாலு புள்ளி. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து, மூன்றையும் எழுதி, சராசரி போட்டிருக்கிறார். கடைசி ஒன்பதை மட்டும் ஐந்து முறை. ஐந்தும் ஒன்றுக்கொன்று முடி அளவுதான் விலகுகின்றன. கை நடுங்கியவனுக்கு அப்படி வராது.

முதல் பக்க ஓரத்தில் பென்சிலில்: 'கீழ்ப்படத்தில் அச்சின் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது. எந்தக் கோணம்? துவாவிடம் கேட்க.'

அதன் கீழே பச்சை மையில்: 'மேலே உள்ளதேதான்.'

அந்த வருடம் எனக்குப் பச்சைப் பேனா பைத்தியம்.

கேட்டிருக்கிறார். என்னிடம்தான் கேட்டிருக்கிறார். நான் நாற்காலியில் இருந்துகூட எழுந்திருக்க மாட்டேன். இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லின் மேல் ஒரு கட்டுரை, மூன்று மாநாடு, ஜப்பானில் மூன்று நாள், செப்டம்பர், குடும்பத்தோடு. அஞ்சு நாளா அந்த மனுஷன் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேனே— எனக்கு என்ன வந்தது?

மார்ச் 22, சனி

கோணங்களை எல்லாம் மாற்றிப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். அறையில் நானும் பல்பும். பத்தரைக்குக் கரண்ட் போனது, பதினொன்றே காலுக்கு வந்தது. முதலில் இருந்து ஓட்டினேன்.

மதியம் முடிந்தது. தொப்பை கரைந்துவிட்டது. சிர்கோனியம் புத்தகத்தில் சொன்ன அதே இடுப்பளவில், ஒழுக்கமாக நிற்கிறது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மகளுக்குத் தைத்த உடுப்பை வேறு பிள்ளைக்குக் கொடுத்தது போல இருந்தது.

எதிர்பாராதது அதன் பிறகு. ஒரு ஆசைக்கு, விட்டுவிட்ட அந்த ஒன்பது புள்ளிகளையும் படத்தில் போட்டுப் பார்த்தேன். வளைவு நேராகப் போய் அவற்றின் நடுவே நுழைகிறது. ஒன்பதிலும். நான் ஒரு எண்ணையும் தொடவில்லை.

பெரும்பாலான ஆல்பா துகள்கள் அணுக்கருவின் ஓரத்தைத்தான் தொட்டுப் போகும். உள்ளே புகுந்தவை பெரும்பாலும் திரும்புவதில்லை. மிகச் சில மட்டும் உள்ளே புகுந்து, வளைந்து, மறுபக்கம் அகலக் கோணத்தில் வெளியே வரும், மழைத்துளிக்குள் ஒளி வளைந்து வானவில் ஆவது போல. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவை அவை மட்டும்தான். ஓரத்தை எத்தனை விதமாகவும் கணக்குப் போட்டுப் பொருத்திவிடலாம், நானே பொருத்தினேனே. உள்ளே போய் வந்ததை ஏமாற்ற முடியாது.

அந்த வானவில்லை அண்ணன் 1991இல் ஐந்து முறை அளந்து கொடுத்தார். நாங்கள் அவருடைய ஸ்கேலைச் சுவரில் மாட்டினோம்.

மார்ச் 23, ஞாயிறு

தெருமுனையில் புன் சா, சுட்ட இறைச்சியும் அரிசிச் சேமியாவும், சாப்பிடப் போனோம். புகையில் கண் எரிந்ததால் லுக்கிடம் சொல்வது சுலபமாக இருந்தது. இறைச்சித் துண்டைக் குழம்பில் முக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், "ஆறு வருஷத் தொப்பையை ஒரே நாள்ல கரைச்சிருக்க. எங்க அக்காவுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்றார்.

சிரித்தேன். பிறகு அவர் கேட்டது சிரிப்பு இல்லை. "கியெம் அண்ணனுக்குத் தெரியுமா?"

இல்லை என்றேன். அவர் மூலிகைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.  இருபது வருடத்தில் நான் கண்டது, லுக் கேள்வியை ஒரு தடவைக்கு மேல் கேட்பதில்லை. அது கேலியைவிட மோசம்.

மியென் கடைக்காரியிடம் ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னாள். கடைக்காரி, "யம்மாடி, இது எந்த ஊர்ப் பொண்ணு?" என்றாள். அந்தப் பெருமை வீடு வரை நடந்து வந்தது.

மார்ச் 27, வியாழன்

நிலையம் முழுவதற்கும் ஒரே மின்னஞ்சல் பெட்டி. எழுதியவை எல்லாம் நண்பகலில் ஒரு முறை, மாலை ஐந்துக்கு ஒரு முறை மொத்தமாகப் போகும். போகும்வரை எல்லோரும் எல்லோருடையதையும் வாசிப்பார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. யாருக்குக் குழந்தை பிறந்தது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியும்.

பாங் அண்ணன் குசுமோட்டோவுக்குப் பதில் எழுதிப் பெட்டியில் போட்டிருந்தார், என் பெயரையும் சேர்த்து. புள்ளிப் பட்டியல் பின்னால் வரும், அவை எங்கள் மூத்த சக ஊழியர் ஒருவர் கையால் படித்தவை, ஆகவே படித்ததில் சிறு பிசகுகள் இருக்கலாம். கோணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நாளை போகட்டும் என்று நிறுத்தி வைத்தேன். அவர் முகம் சுளித்தார், ஆனால் நிறுத்தினார்.

மூன்று மணிக்குக் கியெம் அண்ணன் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். வாசித்திருக்கிறார்.

"ஆறு வருஷமா என் கை நடுங்குதுன்னு நீங்க சொல்றீங்க. நானும் சிரிச்சிட்டேன். வீட்டு ஆளுங்க சொல்றது, பரவாயில்ல. ஜப்பான்காரனுக்கும் சொல்லணுமா, தங்கச்சி?"

கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இழுப்பறையில் இருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் குசுமோட்டோ அனுப்பிய முழுப் பக்கம். 

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். முதலில் பச்சை மை. பிறகு படத்தின் அடி. பிறகு மறுபடி பச்சை மை.

"அன்னிக்கு மியெனுக்குக் காய்ச்சல். நீ பையை மாட்டிட்டு வாசல்ல நின்ன. நான்தான் நிறுத்திக் கேட்டேன்" என்றார். அவருக்கு நினைவிருக்கிறது. எனக்கு இல்லை.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, சத்தமே இல்லாமல். "அப்போ தொப்பை மொத்தமும்..."

"ஆமா."

"நாலு வகுத்தல் தொண்ணூறா?"

"ஆமாண்ணே."

சிரிப்பு மெல்ல அடங்கியது. கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த ஒன்பது புள்ளி?"

"உட்காருது. ஒன்பதும்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நோம் காலத்தில் எல்லோர் கண்ணாடியும் பனிக்கும். வெகு நேரம் துடைத்தார்.

பிறகு எழுந்து, நின்றபடி, ரகசியம் போலச் சொன்னார்: நான் யாரிடமும் சொல்ல வேண்டாம். பாங் எழுதியது எழுதியபடியே போகட்டும். அவருக்கு டிசம்பரில் ஓய்வு, எனக்குச் செப்டம்பரில் ஜப்பான், மியென் வேறு எண்ணப் பழகிவிட்டாள். "உட்காருதுன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்." கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். இரண்டையும் உடைக்காமல் கழுவி வைத்தார்.

மார்ச் 28

பாங் அண்ணனிடம் திங்கட்கிழமை என்றேன்.

மார்ச் 31, திங்கள்

பாங் அண்ணனிடம் வியாழக்கிழமை என்றேன். இனி தள்ளினால் அவரே அனுப்பிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் ஒழுகும் கூரைக்குக் கீழே மூன்று வருடமாகப் பக்கெட் வைத்து ஒரு ஆய்வுக் குழுவை நடத்துகிறவர். எனக்கு இது சொந்தத் தப்பு, அவருக்கு இது கூரை.

கியெம் அண்ணன் இன்று பல்பிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்னார்: "இந்தம்மா மூஞ்சியும் நோம்ல ஊறிப்போச்சு பாரு." நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறார். யார் யாருக்குச் சொல்வது?

செப்டம்பர், செப்டம்பர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆசை இல்லையா? இருக்கிறது. போகாமலே அந்த ஊர் ரயிலில் தினமும் ஏறி இறங்குகிறேன். ஆனால் போய் இறங்கியதும் குசுமோட்டோ கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். கோணங்களை மாற்றினீர்கள், அல்லவா? அதற்கு நான் இரண்டு சொல்லில் ஒரு பதில் சொல்ல வேண்டும். நாற்காலியில் இருந்து எழுந்திருக்காமல்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் எழுந்து துணியை நனைத்துக்கொண்டு வந்தால் தரை காய்ந்து கிடந்தது. ஜன்னலில் வெயில். பக்கெட்டைத் திரும்ப வைத்தேன். லுக், "தரை உன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருச்சு போல" என்றார்.

மாலை எல்லோரும் போகும்வரை அறையில் இருந்தேன். வெளியே வெளிச்சம் இருக்கும்போதே எழுதி முடித்தேன். குசுமோட்டோவுக்கு ஒரு பக்கம். கீழ்ப்படத்தின் கோணங்களை நாங்கள் மாற்றவில்லை. மாற்றாதது என் தப்பு, என்னுடையது மட்டும், நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. மாற்றினால் சிர்கோனியம் பருமன் இல்லை. அந்த மூன்று நாளை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டால் எனக்குப் புரியும். எடுக்காவிட்டால், கருவிகளைச் சிறு கோணத்தில் வைக்க வேண்டாம், அகலக் கோணத்தில் வையுங்கள். அங்கே ஒன்பது புள்ளிகள் இருக்கின்றன. ஆறு வருடமாக யாரும் நம்பாத புள்ளிகள். திருத்தக் கட்டுரையைக் கூடவே தயாரிக்கிறேன். அதில் முதல் பெயர் கியெம், இரண்டாவது என்னுடையது.

அழைப்பைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அது அவர் முடிவு.

நிலையத்துப் பெட்டியில் போட்டால் நாளை நண்பகலுக்குள் பத்துப் பேர் வாசித்து, பத்துப் பேரும் என்னைத் தடுக்க வருவார்கள். அதில் கியெம் அண்ணன் முதலில் நிற்பார். நாளைக் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரைத் தபால் நிலையம் திறந்ததும் அங்கிருந்து ஃபேக்ஸ். ஒட்டரிசிச் சோறு வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மியென், வேர்க்கடலை போட்டது வேண்டும் என்றாள். வாங்கிக்கொண்டுதான் வருவேன். அதையாவது பொய்யாக்க வேண்டாம். சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு சொல்லலாம். இருபது வரை எண்ணப் பழகிவிட்டாள். வீணாகாது, எண்ணுவதுதானே.

ஃபேக்ஸோடு புதிய படமும் போக வேண்டும். கம்ப்யூட்டர் அச்சு ஈரத்தில் மங்கிப்போயிருக்கிறது, ஃபேக்ஸில் ஏறாது. கையால்தான் வரைய வேண்டும். ஸ்கேல் தேடினேன். சுவரில் இருந்ததைக் கழற்றினேன். சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டேன். முனையில் இரண்டு சென்டிமீட்டர் உடைந்த, பழைய ரஷ்ய ஸ்கேல். அறுபத்துநாலு புள்ளிகளையும் வைத்தேன். அடியில் கோடு போட்டு, எந்தக் கோணம் என்பதை முழுப் பெயராக, தாளின் ஓரத்தில் இருந்து நன்றாகத் தள்ளி, யாரும் வெட்ட முடியாத இடத்தில் எழுதினேன்.

எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்திருக்கிறது. கை நடுங்கிவிட்டது.